ஜனவரி 1 முதல் சோறே தொடமாட்டேன் என்று முடிவெடுத்திருப்பவருக்கு

நீங்கள் எழுதியதன் சுருக்கம்: வயது 37, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ, வங்கியில் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, வீடு ஸ்ரீரங்கம். வைகாசி நடுவில் தம்பி கல்யாணம். அதற்குள் 15 கிலோ குறைய வேண்டும், ஜனவரி 1 முதல் சோறு கிடையாது, ஜிம்மில் ஒரு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டப்போகிறீர்கள். மூன்று வருடமாக இதே தீர்மானம் எடுத்து மூன்று வருடமும் பொங்கலோடு நின்றுவிட்டது, எனக்கு மன உறுதி இல்லையா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மன உறுதியில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தவறு தீர்மானத்தில் இருக்கிறது. பதினெட்டு வருடமாக டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன், ஒவ்வொரு ஜனவரியும் முதல் வாரத்தில் உங்களைப் போலவே கண்ணில் தீவிரத்தோடு ஆட்கள் வருவார்கள், வரும்போதே கையில் ஒரு கிலோ கணக்கு இருக்கும், பத்து, பதினைந்து, இருபது. மாசி மாதம் அவர்களில் பாதிப்பேரைப் பார்க்க முடியாது. கிலோவை வைத்துத் தீர்மானம் எடுக்காதீர்கள், செய்யப்போகும் காரியத்தை வைத்து எடுங்கள் என்பதுதான் நான் சொல்லப்போவது. ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 15 கிலோ என்றால் 1,15,500. ஜனவரி முதல் தேதியிலிருந்து கல்யாணம் வரை சுமார் 150 நாள், ஆக தினமும் 770 கலோரி குறைய வேண்டும். உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் எடைக்கும், உட்கார்ந்த வேலைக்கும் உடல் ஒரு நாளில் செலவழிப்பதே சுமார் 1,800 கலோரிதான். அப்படியானால் ஐந்து மாதம் நீங்கள் ஆயிரம் கலோரியில் ஓட்ட வேண்டும். அதுவும் போதாது, ஏனென்றால் எடை குறையக் குறைய உடலும் செலவைச் சுருக்கிக்கொள்ளும், பங்குனி வாக்கில் அந்த ஆயிரமும் அதிகமாகிவிடும். காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, கவுண்ட்டரில் உட்கார்ந்து, திரும்பி வந்து மறுபடி அடுப்பு முன்னால் நிற்கும் ஒரு பெண்ணால் இது முடியாது. முடிந்தாலும் கூடாது. இப்படி வேகமாக இறக்கினால் கொழுப்போடு தசையும் போகும், முடி கொட்டும், பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பும் கூடும்.

சோற்றை நிறுத்திய முதல் வாரம் எடை மெஷினில் இரண்டு மூன்று கிலோ குறைந்ததாகக் காட்டியதே, அதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அது கொழுப்பு இல்லை. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது, ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் சேமிப்பு கரையும், கூடவே அந்தத் தண்ணீரும் போகும். பொங்கலன்று ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதும் எல்லாம் திரும்பி வந்து உட்காரும். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறிவிட்டதே என்று மனம் உடைவது அங்கேதான். மூன்று வருடமும் உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். குறைந்ததும் கொழுப்பில்லை, ஏறியதும் கொழுப்பில்லை, அதற்குள் நீங்கள் உங்களையே திட்டிக்கொண்டு விட்டுவிட்டீர்கள்.

இப்போது நம் ஊரில் நடந்த ஒரு ஆய்வு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு இரண்டரை வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அப்படி மாற்றிக்கொண்டவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. மெஷின் முள் நகராமலே உள்ளே நல்லது நடந்திருக்கிறது. கிலோவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் இவர்களில் பலர் "ஒன்றும் பலனில்லை" என்று ஆறாவது மாதமே நிறுத்தியிருப்பார்கள். எடை குறையாமல் சோர்ந்துபோய் வருகிறவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

சரி, எடையே குறைய வேண்டாமா என்றால், வேண்டும். இந்தியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 23க்கு மேல் போனால் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு, உங்களுடையது கிட்டத்தட்ட 29.6. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக வந்தது, ஆகவே கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் பலன் கிடைக்க 15 கிலோ தேவையில்லை. 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய தடுப்பு ஆய்வில் வைத்த இலக்கு எடையில் 7 சதவீதமும் வாரம் 150 நிமிட நடையும் மட்டுமே, அதற்கே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. உங்கள் எடையில் 7 சதவீதம் என்பது 5 கிலோ. 150 நாளில் 5 கிலோ என்றால் தினம் சுமார் 250 கலோரி. அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூன்று வேளை காபியில் வேளைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆறு ஸ்பூனுக்கு 120 கலோரி. மதியச் சோற்றில் ஒரு பெரிய கரண்டி, நூறு கிராம், 130. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். காகிதத்தில் வரும் 5 கிலோ உடம்பில் மூன்றரை நான்காக வரலாம், உடல் செலவைச் சுருக்கிக்கொள்ளும் என்று சொன்னேனே. மீதியை நடை பார்த்துக்கொள்ளும்.

சோற்றை முழுக்க நிறுத்த வேண்டாம். நம் மதியச் சாப்பாட்டின் சிக்கல் சோறு இருப்பதில் இல்லை, மூன்று முறை சோறு வாங்குவதில் இருக்கிறது. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான் போட்டுக்கொள்கிறோம் என்று தோன்றும், மூன்றையும் ஒரு நாள் தட்டில் ஒன்றாகக் குவித்துப் பாருங்கள். நான் சொல்வது, சாம்பாருக்கு மட்டும் சோறு, ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், மோரையும் குடியுங்கள். தட்டில் பாதி பொரியலும் கூட்டும். இதைச் சொன்னதும் "ரசம் சாதம் இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இருக்காதே" என்பார்கள். அவர்களிடம் சாம்பாரைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு ரசத்துக்குச் சோறு போட்டுக்கொள்ளச் சொல்வேன். எது உங்களுக்குப் பிடித்ததோ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சோறு குறைந்த இடத்தில் புரதம் வரவில்லை என்றால் நான்கு மணிக்கே பசி பிடுங்கும், ஆறு மணிக்கு வங்கியை விட்டு வெளியே வரும்போது பஜ்ஜிக் கடை வாசனையைத் தாண்டுவது பெரும்பாடாகிவிடும். பலருடைய தீர்மானம் உடையும் இடம் அதுதான், மாலை ஆறு மணி. ஐசிஎம்ஆர் கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும், உங்களுக்கு அறுபது கிராம் பக்கம் வரும். ஒரு முட்டையில் ஆறு கிராம். வேக வைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் எட்டு ஒன்பது. மீன் நூறு கிராமில் இருபது. இட்லி சாம்பார், சாம்பார் சாதம், தோசை சட்னி என்று ஓடும் ஒரு நாளில் முப்பது முப்பத்தைந்து தேறினாலே அதிகம். நவராத்திரி ஒன்பது நாளும் எவ்வளவு விதவிதமாகச் சுண்டல் செய்கிறோம், பத்தாம் நாளிலிருந்து அடுத்த புரட்டாசி வரை மிக்சருக்கும் முறுக்குக்கும் திரும்பிவிடுகிறோம். முந்தின இரவு ஊறப்போட்டுக் காலைக் குக்கரில் வேக வைத்து ஒரு சின்ன டப்பாவில் வங்கிக்குக் கொண்டுபோங்கள். மாலை ஐந்து மணிக்கு அதைச் சாப்பிடுங்கள். என்னிடம் வந்தவர்களில் நீண்ட நாள் நின்றவர்கள் பெரும்பாலும் இந்த ஐந்து மணியைச் சரி செய்தவர்கள்தான்.

இரவு டிபன் எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். எல்லோருக்கும் சூடாக ஊற்றிக்கொடுத்துவிட்டுக் கடைசியில் நின்றபடி சாப்பிடும்போது இரண்டு தோசையா நான்கா என்று எண்ணுவதில்லை. அப்புறம் பிள்ளை மிச்சம் வைத்தது, வீணாகக் கூடாதே என்று வாயில் போட்டுக்கொண்டது. இதற்கு டயட் ஷீட்டால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து, உங்கள் பங்கைத் தட்டில் வைத்துச் சாப்பிடுவதுதான் வழி, கடைசி நான்கு தோசையை வீட்டுக்காரர் ஊற்றட்டும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பெண்களின் எடையில் வீட்டு ஏற்பாட்டுக்கும் பங்கு இருக்கிறது.

எண்ணெய்க்கு ஒரு எளிய அளவு உண்டு. ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நான்கு பேர் வீட்டில் மாதம் இரண்டு லிட்டருக்குள் முடிந்தால் நன்றாக இருக்கிறீர்கள், நான்கு லிட்டர் போகிறது என்றால் ஆளுக்குத் தினம் 140 கலோரி கூடுதலாக யாருக்கும் தெரியாமல் உள்ளே போகிறது. செக்கு எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான்.

சிறுதானியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாமை, வரகு, தினை எல்லாம் நல்லவை, நார்ச்சத்து அதிகம், ஆனால் கலோரியில் அரிசிக்குக் கிட்டத்தட்டச் சமம். அரிசிக்குப் பதில் அதே அளவு வரகு பொங்கல் நெய் விட்டுச் சாப்பிட்டு எடை குறையவில்லை என்று வருத்தப்படாதீர்கள். கொள்ளும் அப்படித்தான். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பித் தினமும் கொள்ளு ரசம் குடிக்கிறார்கள். கொள்ளில் நல்ல புரதம் இருக்கிறது, சுண்டலாகச் சாப்பிட்டால் வயிறு நிற்கும், அந்த வகையில் உதவும். ரசமாகக் குடித்தால் கொழுப்பு உருகி ஓடாது. வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் அதே மாதிரி. தொப்பையைக் கரைக்கும் என்று டப்பாவில் விற்கும் பவுடர் எதையும் வாங்காதீர்கள்.

அடுத்து நாள் பார்ப்பது. ஜனவரி 1 நமக்கு மார்கழி நடுவில் வருகிறது. உங்கள் ஊரில் அப்போது கோயிலில் தினமும் ஏதாவது பிரசாதம், கூடாரவல்லிக்கு அக்காரவடிசில், நெய் முழங்கை வழியாக வழிய வேண்டும் என்று ஆண்டாளே பாடி வைத்திருக்கிறாள். அப்புறம் போகியிலிருந்து காணும் பொங்கல் வரை நான்கு நாள். தை பிறந்ததும் முகூர்த்தம் முகூர்த்தமாகப் பத்திரிகை வரும். இந்தக் காலண்டரைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டி "சோறே கிடையாது" என்று தீர்மானித்தால் பதினைந்தாவது நாள் அது உடைவது நிச்சயம். ஆனால் நாள் பார்த்துத் தொடங்குவது வீண் என்று சொல்லமாட்டேன். புது வருடம், பிறந்தநாள், மாத முதல் தேதி, வாரத் தொடக்கம் போன்ற நாட்களில் மனிதர்கள் புதிதாக ஒன்றைத் தொடங்கும் உந்துதல் கூடுகிறது என்று 2014இல் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நாம் வைத்திருப்பதும் அந்த மனசைத்தான்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: ஜனவரி 1 முதல் போகி வரை எதையும் நிறுத்த வேண்டாம். ஒரு நோட்டில் சாப்பிட்டதை, நேரத்தோடு, மறைக்காமல் எழுதுங்கள், அவ்வளவுதான். பொங்கல் நான்கு நாளும் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். பண்டிகை நாளில் சாப்பிட்டதால் யாரும் பருத்துப்போவதில்லை, பண்டிகை முடிந்தும் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும் சர்க்கரைப் பொங்கலும், போனது போச்சு அடுத்த வருடம் பார்ப்போம் என்ற நினைப்பும்தான் ஆளைச் சாய்க்கும். மிச்சத்தைக் காணும் பொங்கலன்றே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஒரு வாரம் எடை மெஷின் மேல் ஏறாதீர்கள். காணும் பொங்கலுக்கு அடுத்த திங்கட்கிழமை உங்கள் முதல் நாள்.

அன்றைக்கு எடுக்கும் தீர்மானத்தை எப்படி வார்த்தைப்படுத்துவது என்பதும் முக்கியம். சுவீடனில் 1,066 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2020இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இதைச் செய்வேன் என்று தீர்மானித்தவர்களில் நூற்றுக்கு 59 பேர் தாங்கள் அதில் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள், இதை விடுவேன் என்று தீர்மானித்தவர்களில் 47 பேர். சோறு தொடமாட்டேன் என்பது விடுவது. மதியம் தட்டில் பாதி காய் வைப்பேன், ஐந்து மணிக்குச் சுண்டல் சாப்பிடுவேன் என்பது செய்வது. ஒரு நாளின் முடிவில் செய்தேனா இல்லையா என்று உங்களாலேயே சொல்ல முடியும், மெஷினைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு போதும், மூன்றாவதைப் பங்குனியில் சேர்த்துக்கொள்ளலாம். பங்குனி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் அளவுக்குப் படிய நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரை என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை என்பதும் அதே ஆய்வில் வந்தது. ஆகவே ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டால், அடுத்த வேளை மறுபடி உங்கள் தட்டுக்குத் திரும்புங்கள். அதற்காக மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம்.

ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒரு மாதம் கட்டிப் பாருங்கள், பிடித்தால் தொடருங்கள். உங்கள் வீட்டு வாசலிலேயே சித்திரை வீதியும் உத்திர வீதியும் இருக்கின்றன, மார்கழியில் விடியற்காலை ஊரே நடக்கிறது, அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்வது எளிது. 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அதையும் பாருங்கள். வாரம் ஐந்து நாள், முப்பது நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில். ஆனால் நடந்துவிட்டேன் என்பதற்காக வடை வேண்டாம், முப்பது நிமிட நடையில் போவது நூற்றைம்பது கலோரி அளவுதான், ஒரு மெதுவடையில் கிட்டத்தட்ட அது திரும்பிவிடும். நடையோடு தசைக்கும் ஏதாவது வேண்டும். முழங்கால் வலி இல்லையென்றால் தோப்புக்கரணம் போடுங்கள், காலை பத்து மாலை பத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். வலி இருந்தால் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது போதும்.

தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), தைராய்டு, ஹீமோகுளோபின். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்தால் பிசிஓஎஸ் என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தாங்களாகச் சோற்றைக் குறைக்கக் கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம், மருந்தளவை டாக்டர் மாற்றிக்கொடுக்க வேண்டும். மௌஞ்சாரோ, வீகோவி என்று 2025இல் இந்தியாவுக்கு வந்த எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வேலை செய்யும் மருந்துகள்தான், சிலருக்கு அவசியமும்கூட, ஆனால் டாக்டர் பார்த்துத் தர வேண்டியவை. வீகோவியில் இருக்கும் செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். கல்யாணத்துக்காக ஐந்து மாதம் போட்டுக்கொள்ளும் பொருள் இல்லை அது.

கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம் உங்கள் கேள்வி முழுக்கத் தெரிந்தது, அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. மண்டபத்தில் ஒருவர் "என்னம்மா இப்படிக் குண்டாயிட்டே" என்பார், பத்து கிலோ இறக்கினால் அவரே "ஏன் இப்படி வாடிப்போயிட்டே, உடம்புக்கு என்ன" என்பார். அவருக்காக ஐந்து மாதம் பசியோடு இருக்காதீர்கள். எத்தனையோ பேர் அப்படி இருந்து பார்த்துவிட்டார்கள். நாற்பது நாள் சோறில்லாமல் ஆறு கிலோ இறக்கிய ஒரு பெண் நான்காவது மாதம் எட்டு கிலோ ஏற்றிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்து அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது.

மெஷினுக்குப் பதில் தையல் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபிறகு, இறுக்காமல் அளவெடுங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 என்பது எல்லை. மாதம் ஒரு முறை, முதல் தேதி, அதே டேப். கல்யாணப் பிளவுஸை மட்டும் சித்திரை கடைசி வரை தைக்கக் கொடுக்காதீர்கள், அளவு மாறும். காணும் பொங்கல் முடிந்ததும் அந்த நோட்டில் எழுதிய பதினைந்து நாள் சாப்பாட்டையும் இடுப்பளவையும் எனக்கு எழுதுங்கள், எந்த இரண்டு காரியத்தில் தொடங்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.